வெயில் எழுப்பும் கருமை

நடவு வயலில் பகல் முழுதும் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் கையைச் சற்றே ஊன்றிக் கவனித்தால், ரவிக்கையின் கைவிளிம்பு முடியும் இடத்தில், மேலே மாநிறமும் கீழே அதனினும் ஆழ்ந்த கருமையுமாக, கோடு கிழித்தாற்போல் இரு நிறங்கள் பிரிந்து நிற்பதைக் காணலாம். அதே கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாலோ, ஆண்டுக்கணக்கான வெயில் அங்கே யாதொரு தடயமும் விட்டுச்செல்லவில்லை என்பது தெரியவரும். தாய் தந்தையரிடமிருந்து பெற்ற மரபணுக்கள் இம்மூன்று இடங்களிலும் ஒன்றே. ஆயினும் நிறம் மூன்றாக இருக்கிறதென்றால், மரபணுவை வைத்திருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு என்பதையும், அவ்வேலையைத் தூண்டுவதிலும் அடக்குவதிலும் சூரிய ஒளிக்கும் உடலின் இடத்துக்கும் பங்குண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

இந்தக் கருமையை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என எண்ணித் தேய்த்துக் கழுவ முனைகிறவர்களும், கல்யாணம் நிச்சயமான பெண் வெயிலில் இறங்கலாகாது என்று வீட்டுக்குள்ளேயே இருத்திவைக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. மேலை நாடுகளிலோ, கடற்கரையில் கிடந்து வாட்டிக்கொண்ட மேனியே ஆரோக்கியத்தின் லட்சணம் என்று சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் கருதப்பட்டு, அதற்கென்றே புற ஊதா விளக்குகள் பொருத்திய படுக்கைகளும் புழக்கத்துக்கு வந்தன. இவ்விரு மனோபாவங்களும் விஷயத்தின் உண்மையைக் காணத் தவறியவை என்பதே என் துணிபு. பல துறையினர் பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்து நோக்குகையில், வெயிலால் உண்டாகும் கருமை என்பது, தோலின் உயிரணுக்களுக்குள் மரபு எழுத்துகளில் நேர்ந்த சேதத்தை உடல் தானே உணர்ந்து, உறங்கிக் கிடந்த சில மரபணுக்களை எழுப்பி, மேலும் சேதம் விளையாதபடி அமைத்துக்கொள்ளும் தற்காப்பு என்பது தெளிவாகப் புலப்படுகிறது.

நிறத்துக்குக் காரணமான மெலனின் என்னும் பொருளை உண்டாக்கும் நிறமிச் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் தறுவாயில் முதுகுப்புறத்தில் தோன்றி, அங்கிருந்து உடலெங்கும் பிரயாணம் செய்து குடியேறியவை இவை. ஒரு நிறமிச் செல் தன் மெல்லிய கரங்களை நீட்டிச் சுமார் 36 அண்டைச் செல்களுக்கு மெலனின் பொதிகளை வழங்குகிறது என்னும் கருத்தை 1963இல் ஃபிட்ஸ்பாட்ரிக், பிரெத்னாக் என்னும் இருவர் முன்வைத்தனர். கறுத்தவர்களுக்கு இச்செல்கள் மிகுதி, வெளுத்தவர்களுக்குக் குறைவு என்று எளிதில் ஊகித்துவிடத் தோன்றும்; உண்மை அப்படியன்று. உடலின் ஒரே இடத்தை எடுத்து ஒப்பிட்டால், எல்லா இனத்தாருக்கும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. வேறுபடுவது அப்பொதிகளின் பருமனும், அவற்றுள் செறிந்த மெலனினின் அளவும் வகையும், அவை அண்டைச் செல்களுக்குள் தனித்தனியாகப் பரந்து நிற்கின்றனவா, கும்பலாக ஒடுங்கி விரைவில் சிதைந்துபோகின்றனவா என்பதுமே. இத்தொழிற்கூடத்தின் முதன்மை வேலையாள் டைரோசினேஸ் என்னும் நொதி. ‘டோபா’ என்னும் பொருளில் ஊறவைத்த தோல் சீவல்களில் சில செல்கள் மட்டும் கருமை பூண்டு நிற்பதை 1917இல் சுவிட்சர்லாந்தின் தோல் மருத்துவர் புருனோ பிளாக் எடுத்துக்காட்டியதிலிருந்து, நிறம் என்பது உயிருள்ள செல்களின் ரசாயன உழைப்பு என்னும் எண்ணம் வேரூன்றியது.

வெயில் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் பலவகைக் கிரணங்கள் கலந்திருக்கின்றன. கண்ணுக்குப் புலனாகும் ஊதா நிறத்துக்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை, வெள்ளிக் குளோரைடு அங்கே விரைந்து கறுப்பதைக் கொண்டு 1801இல் கண்டறிந்தவர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். அவ்வொளியில் 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளது புற ஊதா ‘ஏ’ என்றும், 280 முதல் 320 வரையுள்ளது ‘பி’ என்றும் வகுக்கப்பட்டுள்ளன. அதனினும் குறுகியது ஓசோன் அடுக்கிலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. வெயிலில் நின்ற சில நிமிஷங்களிலேயே தோலில் படரும் சாம்பல் கலந்த கருமை, பெரும்பாலும் ‘ஏ’ கிரணத்தால், ஏற்கெனவே இருக்கும் மெலனின் ஆக்சிஜனோடு சேர்வதாலும் இடம் மாறிப் பரவுவதாலும் உண்டாவது. அதில் புதிய நிறமி எதுவும் உற்பத்தியாவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் சென்றபின் மெல்ல மெல்ல ஏறி, வாரக்கணக்கில் நிலைத்து நிற்கும் கருமையே மரபணுக்களின் செயலால் விளைவது. இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

வெயில் மேற்பரப்பில் விழுகிறது. நிறமிச் செல்லோ அடித்தளத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்வது யார் என்னும் வினாவுக்கு விடை கிடைத்த விதம் ரசமானது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அகற்றிய தவளைக் குஞ்சுகள் கருமை இழந்து வெள்ளிபோல் வெளிறிப்போவதை 1916இல் அமெரிக்காவில் ஸ்மித், ஆலன் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். வெயில் படாமலேயே நோயாளியின் மேனி கறுத்துக்கொண்டுவரும் ஒரு பிணியைத் தாமஸ் அடிசன் 1855லேயே விவரித்திருந்தார். ஆகவே, இரத்தத்தில் ஓடிவந்து நிறமிச் செல்லைத் தூண்டும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்னும் அனுமானம் வலுப்பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏரன் லெர்னர், பன்றிகளின் பிட்யூட்டரியிலிருந்து அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து, அதனை மனிதருக்குச் செலுத்தினால் மனிதத் தோலும் கறுக்கும் என்று 1961இல் நிரூபித்தார். இத்துணை தெளிவுகள் கிடைத்தபின்னும் ஒரு முடிச்சு அவிழாமலே நின்றது. பிட்யூட்டரியோ கபாலத்தின் உட்குழியில் இருப்பது. வெயில் அதனை எட்டுவதில்லை. வெயில் பட்ட கை மட்டும் கறுத்து, துணி மூடிய முதுகு கறுக்காமல் இருப்பதற்கு, உடல் முழுதும் சுற்றிவரும் ஹார்மோன் எங்ஙனம் காரணமாகும்?

விடை தோலிலேயே இருந்தது. புற ஊதா ‘பி’ கிரணம் டி.என்.ஏ. மீது விழும்போது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்து, படிக்கவொண்ணாத முடிச்சாகிவிடுகின்றன. செல் அம்முடிச்சுள்ள துண்டை வெட்டி எறிந்து, புதிய எழுத்துகளை இட்டு நிரப்புகிறது. இந்தச் செப்பனிடும் திறன் பிறவியிலேயே குன்றிய குழந்தைகள் வெயிலைக் கண்டாலே அஞ்சி வாழ நேர்கிறது என்பதை ஜேம்ஸ் கிளீவர் 1968இல் கண்டுணர்த்தினார். வெட்டி எறியப்படும் துண்டை ஒத்த சிறு தைமின் இணைகளைக் கினிப்பன்றியின் தோலில் தடவிய பாஸ்டன் ஆராய்ச்சியாளர் பார்பரா கில்கிரெஸ்டும் அவருடைய சகாக்களும், வெயிலே இல்லாமல் அத்தோல் கறுத்ததை 1994இல் அறிவித்தார்கள். தோலைக் கறுக்கச்செய்யும் கட்டளை ஒளியினிடத்தில் இல்லை, ஒளி விளைத்த சேதத்தினிடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் நேர்த்தியான சோதனையை நான் அறியேன்.

அடுத்த பெரிய படி 2007இல் எடுத்துவைக்கப்பட்டது. மரபு எழுத்துகள் சேதமுறும்போது விழித்தெழுந்து, செல் பிரிவதை நிறுத்தியோ, திருத்தவியலாத செல்லை மாய்த்தோ புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்னும் புரதம் நெடுநாளாக அறியப்பட்டிருந்தது. அதே புரதம், மேல்தோலின் சாதாரணச் செல்களில், பிஓஎம்சி என்னும் மரபணுவின் வாயிலில் சென்று அமர்ந்து அதனைச் செயற்படத் தூண்டுகிறது என்று டேவிட் ஃபிஷரின் குழுவினர் காட்டினர். பிஓஎம்சி தரும் நெடிய புரதம் துண்டாக்கப்படும்போது கிடைப்பவற்றுள் ஒன்று, லெர்னர் பன்றியின் பிட்யூட்டரியில் கண்ட அதே ஹார்மோன். பி53 இல்லாத எலிகள் புற ஊதா ஒளியிலும் கறுக்கவில்லை. புற்றுநோயைத் தடுக்கும் காவலும் மேனியைக் கறுக்கச்செய்யும் காவலும் ஒரே புரதத்தின் இரு பணிகளாக இருப்பது, எத்தனை முறை எண்ணிப்பார்த்தாலும் வியப்புக் குறையாத செய்தி. எண்டார்ஃபின் என்னும், வலியைத் தணித்து இதத்தைத் தரும் பொருளும் அதே பிஓஎம்சியிலிருந்து பிரிவதால், வெயில் காய்வதில் சிலர் அடிமைப்பட்டவர்போல் நாட்டங்கொள்வதற்கும் இதில் காரணம் உண்டோ என்னும் ஆராய்ச்சியை ஃபிஷர் குழுவினரே எலிகளில் பின்னர் நடத்தினர்.

வெளிவந்த ஹார்மோன் நிறமிச் செல்லின் மேற்புறத்தில் உள்ள எம்சி1ஆர் என்னும் ஏற்பியைத் தட்டுகிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது எம்ஐடிஎஃப் என்னும் தலைமைப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எழுப்ப, அப்புரதம் டைரோசினேஸ் முதலாகப் பொதிகளைக் கட்டும், சுமக்கும், கைமாற்றும் புரதங்கள் பலவற்றின் மரபணுக்களையும் ஒருசேரச் செயற்படுத்துகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் விளைவு வெளிப்படையாகத் தெரியும். செம்முடியும் பாலொத்த வெண்தோலும் உடைய ஐரோப்பியர் வெயிலில் கறுக்காமல் சிவந்து வெந்துபோவதற்கு, அவர்களுடைய எம்சி1ஆர் மரபணுவில் உள்ள மாறுதல்களே காரணம் என்பது 1995இல் வெளியாயிற்று. பிஓஎம்சியே இல்லாமல் பிறந்த ஜெர்மானியக் குழந்தைகளுக்கும் செம்முடி இருந்ததை 1998இல் கண்டார்கள். எனினும், பிஓஎம்சி ஒன்றே எல்லாவற்றுக்கும் மூலம் என்று கொள்வது அவசரமாகும். அண்டைச் செல்கள் எண்டோதீலின், ஸ்டெம் செல் காரணி முதலிய வேறு தூதுகளையும் அனுப்புகின்றன. நிறமிச் செல்லோ, கண்ணின் விழித்திரையில் உள்ளவற்றை ஒத்த ஒளியுணர் புரதங்களைக் கொண்டு புற ஊதா ‘ஏ’ கிரணத்தைத் தானே நேராக உணர்ந்து, சில மணி நேரத்துக்குள் மெலனினைப் பெருக்கத் தொடங்குகிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2011இல் தெரிவித்தார்கள்.

ஏற்பி பழுதானால், அதற்கு உட்புறத்தில் உள்ள கண்ணியைத் தூண்டிக் கருமையை வரவழைக்கலாகாதா? 2006இல் ஃபிஷர் குழுவினர் செம்மயிர் எலிகளின் தோலில் ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைத் தடவினர். எம்சி1ஆர் வேலை செய்யாத அவ்வெலிகள், வெயிலே படாமல் கன்னங்கரேலெனக் கறுத்ததோடு, புற ஊதாக் கதிரின் கேட்டிலிருந்தும் பெரிதும் தப்பின. இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. சேலம் மாவட்டத்தில் விவசாயிகள் பயிரிட்டுக் கிழங்குக்காகத் தோண்டியெடுக்கும் மருந்துக் கூர்க்கனின் வேரிலிருந்து கிடைப்பது அது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும் பம்பாய் ஹெக்ஸ்ட் ஆய்வகத்தாரும் 1970களில் அதனைப் பிரித்தெடுத்தார்கள். மனிதரின் மேல்தோல் எலியினுடையதை விடத் தடித்தது. ஃபோர்ஸ்கோலின் அதனுள் போதிய அளவு இறங்குவதில்லை. ஆகவே, ஃபிஷர் குழுவினர் எம்ஐடிஎஃப்பைத் தடுத்துவைக்கும் எஸ்ஐகே என்னும் நொதிகளை அடக்கும் சிறு மூலக்கூறுகளை வடிவமைத்து, ஆய்வகத்தில் வைத்துப் பேணிய மனிதத் தோல் துண்டுகளை 2017இல் கறுக்கச்செய்தனர். வெள்ளைக்காரருக்குக் கறுப்பைக் கொடுக்க இவ்வளவு அறிவும் உழைப்பும் செலவிடப்படுகையில், நம் கடைத்தெருவில் இயற்கை கொடுத்த கறுப்பை அகற்றவே பூச்சுகள் விற்கின்றன என்பது மனத்தை வருத்தும் செய்தி.

உற்பத்தியான மெலனின் பொதிகள் அண்டைச் செல்களுக்குச் சென்றபின், அங்கே மனம்போனபடி சிதறிக் கிடப்பதில்லை. சூரியனை நோக்கிய பக்கத்தில், செல்லின் உட்கருவுக்கு மேலே, குடை பிடித்தாற்போல் கவிந்து நிற்கின்றன. காக்கப்படுவது எது என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. 1979இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கறுப்பினத்தாரின் மேல்தோலை ஊடுருவிய புற ஊதா ‘பி’ கிரணம் சராசரி 7.4 விழுக்காடும், வெள்ளையரின் மேல்தோலை ஊடுருவியது 24 விழுக்காடுமாக இருந்தன. உள்ளங்கையில் இக்குடைகள் பெரும்பாலும் இல்லை. அதற்குக் காரணம் வெயிலில் இல்லை, அடியில் இருக்கும் நார்ச்செல்களில் இருக்கிறது: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள நார்ச்செல்கள் டிகேகே1 என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரந்து, மேலே உள்ள நிறமிச் செல்களின் பெருக்கத்தையும் எம்ஐடிஎஃப்பின் செயலையும் ஒடுக்குகின்றன என்று யமகுச்சியும் ஹியரிங்கும் 2004இல் காட்டினார்கள். வயலில் நிற்பவளின் உள்ளங்கை வெளுத்திருப்பதன் ரகசியம் இது.

காலமும் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருமுறை ஒளி பட்டபின் எம்ஐடிஎஃப் உடனே ஏறி நின்றுவிடாமல் அலையலையாக ஏறி இறங்குவதையும், எலிகளுக்கு நாள்தோறும் ஒளியூட்டியதைக் காட்டிலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டியபோது கருமை மிக்கும் சேதம் குறைந்தும் காணப்பட்டதையும், டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் கார்மித் லெவி குழுவினர் 2018இல் வெளியிட்டனர். முதலில் செப்பனிடுதல், அதன்பின் நிறமூட்டுதல் என்று செல் தன் வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்கிறது. நாள்தோறும் வெயில் படும்போது அவ்வரிசை குலைகிறது.

இத்தற்காப்பு பூரணமானதன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளுத்த தோல் வெயிலில் கறுத்துப் பெறும் பாதுகாப்பு சொற்பமே. அதிலும் ‘ஏ’ கிரணம் மட்டும் தரும் கருமை, பார்வைக்குக் கருமையாக இருப்பதன்றி, அடுத்த வெயிலைத் தடுக்கும் வலிமை ஏறக்குறைய அற்றது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2009இல் புற ஊதாப் படுக்கைகளை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமறத் தெரிந்தவற்றின் வரிசையில் சேர்த்தது. கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சேங்கர் ஆய்வகத்தார், அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட நால்வரின் கண்ணிமைத் தோலை நுணுகி ஆராய்ந்து, பார்வைக்கு யாதொரு நோயுமற்ற அத்தோலின் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, புற்றுநோய்க்கு வழிகோலும் மரபு மாறுதல் ஒன்றையேனும் தாங்கி நிற்பதை 2015இல் கண்டார்கள். அதே ஆண்டில், ஒளி நின்று மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும், இருளிலேயே, நிறமிச் செல்களில் புதிய தைமின் முடிச்சுகள் உண்டாவதையும், அதற்கு மெலனினின் சிதைவுப் பொருள்களே காரணமாவதையும் யேலின் டக்ளஸ் பிராஷ் குழுவினர் காட்டினர். செம்முடியினரிடம் மிகுந்துள்ள செந்நிற மெலனின் இத்தீங்கில் முந்தி நின்றது. காக்கும் பொருளே சில வேளைகளில் ஊறும் செய்கிறது. எழுத்துகள் மாறாமல், அவற்றின் மேல் ஒட்டும் மெத்தில் அடையாளங்கள் மட்டும் உதிர்வதும் உண்டு. நெடுங்காலம் வெயில் பட்ட மேல்தோலில் மரபுத் தொகுதியின் விரிந்த பகுதிகள் அவ்வடையாளங்களை இழந்திருப்பதும் 2015இல்தான் தெரியவந்தது.

இம்மாறுதல்கள் யாவும் தோலோடு நின்றுவிடுகின்றன. உப்பளத்தில் கறுத்த தந்தையின் கருமை மகனுக்குப் போவதில்லை. ஏனெனில், வித்துச் செல்கள் அச்செய்தியை அறியமாட்டா. மகன் பெறுவது தந்தையின் பிறவி நிறமே. அந்நிறத்தை வகுக்கும் மரபணுக்களோ பல. ஸ்டான்ஃபோர்டில் 2023இல் நடந்த ஓர் ஆய்வு, மெலனின் உற்பத்தியில் பங்குகொள்ளும் 169 மரபணுக்களை இனங்கண்டது. அவற்றுள் 135 அதுவரை இவ்விஷயத்தில் அறியப்படாதவை. கோடுகள் வெளிறிய ஒரு சிறு மீனை ஆராயப்போய் 2005இல் அகப்பட்ட எஸ்எல்சி24ஏ5 என்னும் மரபணு நமக்கு முக்கியமானது. அதன் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியர் அனைவரிடமும் ஏறக்குறைய நிலைபெற்றிருப்பது. இந்தியரிடமும் பரவலாக உண்டு. இருசாராரும் அதனை ஒரே பழைய மூதாதை மாறுதலிலிருந்து பெற்றவர்கள் என்று ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் அயல்நாட்டாரோடு சேர்ந்து 2013இல் நிறுவினர். வெண்மைக்கும் கருமைக்கும் காரணமான மாறுதல்கள் பல, மனித இனம் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன்பே அங்கே அருகருகே இருந்தவை என்று சாரா டிஷ்காஃப் 2017இல் எழுதினார். நிறத்தைக் கொண்டு மக்களை மேல் கீழ் என்று அடுக்கும் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இனி இடமில்லை. நிலநடுக்கோட்டு வெயிலில், ஃபோலேட் என்னும் வைட்டமின் சிதையாமல் காக்கக் கருமையும், வட தேசங்களில் வைட்டமின் ‘டி’ உண்டாவதற்கு வெண்மையும் தேர்வுபெற்றன என்னும் நினா ஜப்லோன்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் ஆகியோரின் 2000ஆம் ஆண்டுக் கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

மேலைநாட்டு நூல்கள் வெள்ளைத் தோலைக் கண்முன் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் அச்சங்களை அப்படியே நமக்கு இறக்குமதி செய்தல் பொருந்தாது. கறுத்த மக்களிடம் அரிதாகத் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுகூட, பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால் போன்ற இடங்களிலேயே தோன்றுகிறது. மெலனினே இல்லாமல் பிறந்தவர்களின் நிலை வேறு; ஆப்பிரிக்காவில் இளவயதிலேயே தோற்புற்றுக்கு இரையாகும் அவர்களுக்கு நிழலும் உடையும் உயிர் காக்கும் மருந்தாகும். நம்மவர்க்கு வெயில் தரும் வாட்டம் பெரும்பாலும் வேறு வடிவில், கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்காக வருகிறது. இதற்குப் புற ஊதாவை மட்டும் பழிப்பது போதாது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கறுத்த தோலில் ஆழ்ந்து நிலைத்த கருமையை உண்டாக்கும் என்றும், வெளுத்த தோலில் அவ்விளைவு இல்லை என்றும் 2010இல் அமெரிக்காவில் மெய்ப்பித்தார்கள். அவ்வொளியின் நீலப் பகுதியை நிறமிச் செல்களில் உள்ள ஆப்சின்-3 என்னும் புரதம் உணர்ந்து, கால்சியத்தின் வழியாக அதே எம்ஐடிஎஃப்பை எழுப்புகிறது என்று பிரான்சின் நீஸ் நகரத்தார் 2018இல் கண்டார்கள். புற ஊதாவை மட்டும் தடுக்கும் நிறமற்ற பூச்சுகள் மங்குக்குப் போதாமல்போவதும், இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சுகளை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதும் இக்காரணம் பற்றியே. வயலிலும் உப்பளத்திலும் உழைப்பவர்கள் தலையைச் சுற்றி நெற்றிவரை இழுத்துக் கட்டும் கெட்டித் துண்டு, நீலத்தையும் புற ஊதாவையும் வேறுபாடின்றி மறித்துவிடுகிறது.